விருந்தாளிக் கோப்பை

மாமி, உங்கள் நீலப்பூக் கோப்பையும் சோசரும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. கோபத்தில் இரண்டு தரம் குப்பைப் பைக்குள் போட்டேன். இரண்டு தரமும் நானே எடுத்துக் கழுவி வைத்தேன்.

மாமி என்றால் என் அப்பாவின் அக்கா. அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவர். மட்டக்களப்பிலிருந்து டென்மார்க் வந்து, இஷொய் என்ற ஊரில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்தே இரண்டு முழங்காலையும் தேய்த்தவர். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனவன். ஆனாலும் கொமூன், அதாவது நகரசபை, அனுப்பும் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். பாதி எனக்கே விளங்காது.

போன வருடம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து அவரை நேரே வீட்டுக்கு விடவில்லை. இங்கே வயதானவர்களுக்கு, மணி அடித்தால் ஆள் வரும் தனி வீடுகள் இருக்கின்றன. படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பெரிய பராமரிப்பு இல்லம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், நடக்கவும் செய்வார்கள், நடந்தால் விழவும் செய்வார்கள் என்ற ஆட்களுக்குக் கொஞ்ச அறைகள். தாதி எப்போதும் பக்கத்தில் இருப்பார், மருந்தைக் கையில் தருவார், குளிக்கும்போது பிடித்துக்கொள்வார். மாமியை அங்கேதான் விட்டார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் நடுவீடு. இருந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளும் விழவில்லை. கன்னத்தில் சதை வைத்தது. பக்கத்து அறை டேனிஷ் கிழவியின் உருளைக்கிழங்கில் மிளகாய்த்தூள் போட்டுத் தாதியிடம் ஏச்சு வாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

பிறகு கடிதம் வந்தது. கொமூனில் இருந்து ஒருவர் வந்து மாமியைப் பார்ப்பார். உதவி தேவை என்று கண்டால் அந்த அறை அவருக்கே. இல்லையென்றால் மணி வைத்த தனி வீடு. அந்தக் கடிதத்தை மட்டும் நான் மூன்று தரம் வாசித்தேன்.

"மாமி, உள்ளதைச் சொல்லுங்கோ. தனியக் குளிக்கேலாது, மருந்து மறந்து போகுது, கால் நோகுது. விளங்கினதா?"

"ஓம் மனே, நான் என்ன சின்னப்பிள்ளையா? வீட்டில இருந்து அந்த நீலக் கோப்பைய மட்டும் எடுத்துக்கொண்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். என் மடத்தனம் அங்கேதான் தொடங்கியது.

கொமூன் அனுப்பிய பெண் மடிக்கணினியோடு வந்தபோது மாமி சீலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார். பிடித்து நடக்கும் வண்டியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். தானே எழும்பி, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் அந்த நீலக் கோப்பையில் தேநீர் ஊற்றி, ஒரு கையால் கொண்டுவந்து வைத்தார். பாரிசவாதத்தில் வராமல் போன இடது கை சீலைத் தலைப்புக்குள் இருந்தது. மூக்கு நுனியில் வியர்வை நின்றதை நான் கண்டேன். அந்தப் பெண் காணவில்லை.

தனியாகக் குளிப்பீர்களா என்று கேட்டார். "யா, யா." மருந்து? "யா, யா." படி ஏறுவீர்களா? மாமி சிரித்தார். இன்னும் கொஞ்சம் விட்டால் ஏறியே காட்டியிருப்பார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா?" என்று டேனிஷில் கேட்டார். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் "யா" என்றேன்.

அவர் போனதும் வெடித்தேன். "என்ன வேலை மாமி பாத்தீங்கள்? அவ சோதிக்க வந்தவ!"

"வந்த ஆள் மனே. வாசலுக்கு வந்தவளிட்ட நோயக் காட்டி இரக்கிறதா? நீயும் ஓமெண்டுதானே சொன்னாய்?"

நான் கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.

தனி வீடு கிடைத்தது. அங்கேயும் இதே கூத்துத்தான். நாளுக்கு மூன்று தரம் உதவிக்கு வரும் பிள்ளைகளிடம், "நான் சாப்பிட்டுட்டன், குளிச்சிட்டன், நீ இருந்து தேத்தண்ணி குடி" என்பார். அவர்களும் குடித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போவார்கள். கேட்டால், "பாவம், ஓடித்திரியிதுகள்" என்பார். அவர்களைப் பராமரிக்கத்தான் கொமூன் மாமியை அங்கே வைத்ததுபோல.

ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார். விழுந்தால் அழுத்தக் கழுத்தில் போட்டிருக்க வேண்டிய மணி அலுமாரிக் கொளுக்கியில் தொங்கியது. முதல்நாள் தேவாலயச் சபையில் இருந்து ஆட்கள் வந்தார்களாம். சீலைக்கு மேல் அது வடிவில்லையாம். மத்தியானம் வந்த பிள்ளைதான் கண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டர் வரும்போதெல்லாம் மாமி "நோவில்லை" என்றார். ஒன்பதாம் நாள் கண்ணை மூடிவிட்டார்.

போன கிழமை அந்த வீட்டைக் காலி செய்து திறப்பைக் கொடுத்தேன். சுவரிலும் நிலத்திலும் பழுது இருக்கிறதா என்று பார்த்துத் திறப்பை வாங்க ஒரு மனிதர் வந்தார். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் மூன்று நாளாக நித்திரை இல்லாமல் இருந்தவன். "நல்லா இருக்கிறேன்" என்றேன். எல்லாம் பெட்டியில் கட்டியாகிவிட்டது. அந்தக் கோப்பை மட்டும் வெளியே இருந்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கு விளங்கும்போது, அவருக்கு அதில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாமிக்காகச் செபியுங்கள். அவர் ஆண்டவருக்கு முன்னாலும் சீலையைச் சரிசெய்துகொண்டு, "எனக்கொண்டுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பார். அதனால் நீங்கள் சொல்லுங்கள். அவவுக்குக் கால் நோகும், குளிக்கப் பயம், பிடித்துக்கொள்ள ஆள் வேணும் என்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் சொல்லவில்லை.