மூன்று எல்லைகள் முட்டுகிற வளைவு

மூன்று பிரதேச சபைகளை ஒரு மேசையில் உட்காரவைப்பதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு திட்டம். மாத்தளை மாவட்டத்தில் அக்கம்பக்கத்துச் சபைகள் சேர்ந்து குப்பை அள்ளினால் லொறிகள் வீணாக ஓடாது, குப்பையை எரிக்க வேண்டியதில்லை, அது அழுகி வாயு விடாது, காபன் குறையும். இந்த வேலையை ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களிடம் உலகம் சூடாகிறது என்றேன். உலகம் சூடாகத்தான் செய்கிறது. ஆனால் நான் எடுத்தது என் ராத்தாவுக்காக.

ராத்தா என் உடன்பிறந்த அக்கா. இரத்தோட்டை ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு வளைவில் அவள் வீடு. அந்த வளைவில்தான் மூன்று சபைகளின் எல்லையும் வந்து முட்டுகிறது. ஆகவே அது எந்தச் சபைக்கும் சொந்தமான இடமாக இல்லை. அங்கே எல்லாரும் கொட்டுவார்கள், ஒருவரும் அள்ளமாட்டார்கள். கோழிக் கழிவு, கல்யாண வீட்டு மிச்சம், தம்புள்ளைச் சந்தையிலிருந்து வந்து விலைபோகாமல் அழுகின மரக்கறி எல்லாம் அங்கேதான். நாற்றம் தாங்காமல் யாராவது நெருப்பு வைப்பார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து குளிர் இறங்குகிற நாட்களில் புகை மேலே போகாது, நேரே ராத்தாவின் வீட்டுக்குள் நுழையும். அவளுக்கு மூச்சிழுப்பு. மச்சான், அவள் கணவர், மௌத்தாகி அடக்கமான பிறகு தனியாக இருக்கிறாள். கொழும்பில் இருக்கும் மகள் வா வா என்று கூப்பிடுகிறாள். இந்தப் புகையில் இருந்தால் தாங்கமாட்டீர்கள் என்று டொக்டரும் சொல்லிவிட்டார்.

“அவர் கட்டின ஊட்ட உட்டுட்டு நான் எங்கடா போற? அந்தக் குப்பைய மட்டும் அள்ளச் சொல்லு. எனக்கு அது போதும்.”

“நான் அள்ள வைக்கிறேன் ராத்தா.”

“நீயா? கிழிச்ச. ஒன்ட ரூமையே நீ கூட்டினதில்ல.”

முதல் கூட்டத்தை எங்கே வைப்பது என்பதிலேயே மாதக்கணக்கில் இழுபட்டது. ஒரு சபைத் தவிசாளர் இன்னொரு சபைத் தலைவரின் கந்தோருக்குப் போனால் இறங்கிப் போனதாக ஆகிவிடுமாம். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்தோம். கதிரைகளில் முந்தின நாள் கல்யாணத்தின் வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. மூவரும் ரோல்ஸ் சாப்பிட்டு, பிளேன்டி குடித்து, காபனை வெளுத்து வாங்கினார்கள். குப்பையை உரமாக்க ஒரு சபை கட்டிய பசளைக் கொட்டகை பாதி காலியாகக் கிடந்தது. மற்ற இரண்டு சபைகளும் தங்கள் குப்பையை அங்கே கொண்டுபோவது, போகிற வழியில் ராத்தா வீட்டு வளைவையும் துப்புரவாக்குவது என்று முடிவானது. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

முதல் நாள் லொறியில் நானும் ஏறிக்கொண்டேன். வளைவில் எல்லைப் பலகை வந்ததும் சாரதி பிரேக் போட்டார்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க?”

“இது வரைக்கும்தான் சேர் நம்ம சபை. சபை வாகனம் லிமிட்ட தாண்டினா என் வேலை போயிரும். ஏதும் ஆக்சிடன்ட் நடந்தா யாரு பதில் சொல்றது?”

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் சபைகளில் அதுதான் வழக்கம், வாகனம் எல்லை தாண்டத் தவிசாளர் அனுமதி தர வேண்டும். தவிசாளர்களுக்குத் தெரியாத விஷயமா இது? ரோல்ஸ் சாப்பிட்ட அன்றைக்கு ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நிரந்தர அனுமதி கேட்டுப் படியேறினேன். “நம்ம டீசல்ல அவரு பேரெடுக்கவா தம்பி?” என்று கேட்டார் ஒருவர். மற்றவர் யோசிப்பதாகச் சொன்னார். இன்றுவரை யோசிக்கிறார்.

லொறிகளை நிறுத்தவும் ஒருவருக்கும் மனமில்லை, திட்டம் தொடங்கிவிட்டதே! எல்லை வரை வந்து வளைவில் கொட்டிவிட்டுத் திரும்பின. கொட்டகைக்காரச் சபையின் டிராக்டர் மறுபக்கத்திலிருந்து வந்து அள்ள வேண்டும். சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை. ஒரே குப்பைக்கு இரண்டு தடவை டீசல் எரித்தோம். ராத்தா எனக்கு ஃபோன் எடுத்தாள்.

“டேய், அள்ளச் சொன்னா கொட்டுறாங்களே! நீ என்னதான் சொல்லிக் குடுத்த?”

அடுத்த கூட்டத்தில் நான் கத்தினேன். காபனைக் குறைக்கப் புறப்பட்டு இரட்டிப்பாக்கியிருக்கிறோம், வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். மூவரும் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு அவர்களில் வயதில் மூத்தவர் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு அமைதியாகச் சொன்னார், “மல்லி, வாகனம் எல்லை தாண்டுவதுதானே பிரச்சினை? மூன்று எல்லையும் சந்திக்கிற அந்த இடத்தையே பொதுக் குப்பைமேடாக்கிவிட்டால் ஒருவரும் தாண்ட வேண்டியதில்லையே.”

மற்ற இரண்டு முகமும் அப்படியே மலர்ந்துவிட்டன. கூட்டத்துக்கு இடம் பிடிக்கவே ஒத்துப்போகாத மனிதர்கள்! நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன டீசல் குறையத்தான் செய்யும்.

“பசளைக் கொட்டகை?” என்றேன்.

“அதப் பொறகு பாப்போம் தம்பி. மொதல்ல கொட்டத் தொடங்குவோம்.”

“அங்க ஒரு வீடு இருக்கு.”

“ஒரு வீடுதானே?”

“என் ராத்தா வீடு.”

“அடடா, முந்தியே சொல்லியிருக்கலாமே,” என்றார் ஒருவர், உண்மையான வருத்தத்தோடு. பிறகு மூன்று கைகளும் உயர்ந்தன. அதைப் படம் பிடித்தார்கள். கொழும்பிலிருந்து என் ஃபோனுக்குப் பாராட்டு வந்தது. அதை வாசித்தபோது அந்த ஃபோனை ஓடையில் வீசலாம் போலிருந்தது.

ராத்தாவிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“மூணு பேருமா கைய தூக்கினாங்க?”

“ஆமா ராத்தா.”

“ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலயா?”

“இல்ல.”

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு மூச்சு இழுத்தது. அது அடங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளுக்கு ஃபோன் எடுத்து, வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

“அந்த மூணு பேரும் எப்பவும் சண்டை புடிச்சிட்டுத்தானேடா இருந்தாங்க,” என்றாள். “அப்படியே உட்டிருந்தா அவர் கட்டின இந்த ஊட்டுலயே நான் மௌத்தாகியிருப்பேன்.”