ரோசரி தலையில் செய்த சத்தியம்

மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடினார்கள். செபஸ்தியானின் வேலைப் பெட்டியை யார் மூடுவது? மேலப்புதூரில் மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவன் அவன். அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஸ்பிரிட்டில் பாதி மரத்துக்குப் போனது, பாதி அவன் வயிற்றுக்குப் போனது.

ஒருமுறை ரத்தவாந்தி எடுத்துப் பிழைத்தான். மனைவி செல்வமேரி விடவில்லை. அந்தோணியார் கோயிலுக்கு இழுத்துப்போய், மகள் ரோசரியின் தலையில் கைவைக்கச் சொன்னாள்.

"இனிக் குடியத் தொட்டா அந்தப் பாவம் என் பிள்ளையச் சேரட்டும்" என்றான்.

பிள்ளையைப் பணயம் வைக்கிற சத்தியமெல்லாம் ஒரு சத்தியமா? ஆனாலும் தவக்காலம் முழுக்க அது அவனைப் பிடித்து நிறுத்தியது.

ஈஸ்டர் முடிந்து ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஊஞ்சலுக்குப் பாலிஷ். வாடை மூக்கில் ஏறியது. ஒரே ஒரு மடக்குத்தான் குடித்தான். அந்த வாரமே ரோசரி டைபாய்டில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இனி பிள்ளை பிழைக்காது, நானே கொன்ற மாதிரிதான், என்ன மிச்சம் என்று வெறிகொண்டு குடித்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுருண்டு கிடந்தவனை டாக்டர் ரங்கநாயகி எழுப்பி உட்காரவைத்தாள். திட்டவில்லை.

"குடிக்கிறதுக்கு முன்னாடி மனசு என்ன சொல்லுச்சு?"

"நீதான் பிள்ளையக் கொல்றேன்னு சொல்லுதும்மா. அதக் கேக்க முடியாமத்தான் குடிக்கிறேன்."

"அது சொல்றது நிஜமான்னு பாத்தீங்களா? இந்த வார்டு பூரா இதே காய்ச்சல்தான். எல்லார் அப்பாவும் சத்தியத்த மீறினாங்களா? போய்க் கேளுங்க."

பக்கத்துக் கட்டிலில் வஹீதா என்ற சிறுமி கிடந்தாள். அவள் தகப்பனார் குடியைத் தொட்டே அறியாதவர். அவர்கள் வீட்டுக்கும் ரோசரி குடித்த அதே பொதுக்கிணற்றுத் தண்ணீர்தான். செபஸ்தியான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்று அவன் குடிக்கவில்லை.

காய்ச்சல் இறங்கிய பிறகு ரோசரி மெல்லக் கேட்டாள்.

"நீங்க குடிச்சதாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு அம்மா சொல்றாங்க. நிஜமாப்பா?"

"இல்லம்மா. கிணத்துத் தண்ணியால வந்துச்சு."

"அப்ப இனிமே நீங்க குடிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?"

அவனைக் கட்டி வைத்திருந்த ஒரே கயிறு அந்தச் சத்தியம்தான். அதை அறுக்காமல் பிள்ளையின் பயத்தைப் போக்க வழியில்லை.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றான்.

ரோசரி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ரீரங்கத்து ஊஞ்சல் பாதி வேலையில் கிடந்தது. திங்கட்கிழமை போய் அந்த ஸ்பிரிட் பாட்டிலை அவன்தான் திறந்தாக வேண்டும்.