கவிழ்ந்தபடி ஓடிய பேருந்து

மகளுக்கு வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்ததும் எல்லோரும் இனிப்பு கேட்டார்கள். நான் மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று கேட்டேன். எங்கள் வீடு கல்வராயன் மலை அடிவாரத்தில். மாடியில் நின்றால் பேருந்து ஏறும் பாதையில் ஒரு துண்டு தெரியும். பேருந்து எறும்பு அளவுக்குத்தான் இருக்கும். எறும்பைப் பார்த்து எனக்கு நிம்மதி வரவில்லை. தொலைநோக்கி செய்ய உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சி கண்ணாடிக் கடையில் ப்ளஸ் ஒன் பவர் லென்ஸ் ஒன்றை வெட்டாமல் வட்டமாகவே கேட்டேன்.

"யாருக்கும்மா கண்ணாடி?"

"பஸ்சுக்கு."

கடைக்காரர் லென்ஸைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு மீட்டர் பிவிசி குழாய்க்குள் கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி வைத்து, ஒரு முனையில் லென்ஸை ஒட்டினேன். மறுமுனையில் நழுவும்படி ஒரு சிறு குழாய். அதில், வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ். முன் லென்ஸ் தூரத்துக் காட்சியைக் குழாய்க்குள் சிறிய பிம்பமாக விழவைக்கும். பின் லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சிறு குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினால் தெளிவு வரும். பிம்பம் தலைகீழாக விழும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பள்ளியில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மகள் முதல்நாள் வேலைக்குக் கிளம்பிப் போன காலை, மாடிச் சுவரில் குழாயைச் சாய்த்துப் பார்த்தேன். பேருந்து அகப்பட்டது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்திருந்தன.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு மாடியேறி வந்தார்.

"இன்னாங்க ஆச்சு?"

"பஸ்சு கவுந்துடுச்சுண்ணே! உள்ள எம்பொண்ணு இருக்கா!"

மகளை அழைத்தேன். மலைப்பாதையில் சிக்னல் இல்லை. அண்ணன் குழாயில் கண்ணை வைத்தார். பிரஷ் கீழே விழுந்தது.

"ஆமாங்க, கவுந்துதான் கீது." குழாயை மெல்ல நகர்த்தினார். "ஆனா ஓடுதுங்களே!"

"எங்கண்ணே ஓடுது?"

"கவுந்துக்கினே ஓடுதுங்க. டிரைவரு பலே ஆளு."

குழாயைப் பிடுங்கி, அதையே திருகித் தலைகீழாக்கினேன். பேருந்து நிமிரவில்லை. அண்ணன் மறுபடி பார்த்தார்.

"மரம்லாம் கூட கவுந்துதாங்க கீது. மலையே தொங்கிக்கினு கீது. அதுக்கு யாருக்குங்க போன் பண்றது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்தும் மகளை மறுபடி அழைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கைபேசியையே பார்த்திருந்தேன். வெகுநேரம் கழித்து அது அடித்தது.

"வந்து சேந்துட்டேம்மா. ஏன் இப்டி மூச்சு வாங்குற?"

"பஸ் நேராத்தானே போச்சு?"

"வேற எப்டிம்மா போவும்?"

மாதங்கள் ஆகிவிட்டன. குழாயின் நடுவில் இன்னொரு லென்ஸ் வைத்தால் எல்லாம் நேராகத் தெரியும் என்கிறாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். இந்தக் குழாயில் பேருந்து என்றைக்கு நேராகத் தெரிகிறதோ, அன்றைக்குத்தான் அது கவிழ்ந்திருக்கும். அதனால் தினமும் காலையில் அது சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டு ஊர்ந்துபோய் மறைவதைப் பார்த்த பிறகே மாடியை விட்டு இறங்குகிறேன்.