நாலு நாற்பத்தொன்றுக்கு வந்த வெயில்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் இருக்கிறது. அதில் நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் ஒரு கோப்பு, முகத்தில் பேருந்தின் தாமதத்துக்கான கண்டனம். என் சட்டை முழுவதும் ஒரு வேப்பமரம் விழுந்திருக்கிறது. நிழல்தான். ஆனால் இலை இலையாக, துணியிலேயே அச்சடித்ததுபோல விழுந்திருக்கிறது. கழுத்துப் பட்டையில் ஒரு கொத்து, அங்கிருந்து இறங்கி மூன்றாவது பொத்தானைத் தொடும் ஒரு மெல்லிய கிளை. இவ்வளவும் என்மேல் நடந்துகொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அதன் முகப்பில் வெயில் பட்டு வெளுத்திருப்பதால் அப்போது மணி என்ன என்பது படத்தில் தெரியாது. என்னைத் தெரிந்தவர்கள் இதை ஒரு தண்டனை என்றே சொல்வார்கள்.

படத்தை எடுத்தவர் எங்கள் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் சார்ஜ்மேன். தொழிலாளிக்கு மேலே, ஃபோர்மேனுக்குக் கீழே உள்ள பதவி அது. இரண்டு பக்கத்துத் திட்டும் வந்து சேரும் இடம். புனேயில் அவர் முப்பது வருடம் இருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பெட்டி செய்யும் மரப்பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. நான் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளர். விடுப்பு விதிகள், நடத்தை விதிகள், மேல்முறையீட்டு விதிகள் எல்லாம் எனக்குப் பத்தி எண்ணோடு மனப்பாடம். என்னைப் பார்த்து எழுந்து நிற்பவர்கள் நிறைய இருந்தார்கள். என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களில் அவர் ஒருவர்.

லோஹேகாவ் விமானத் தளத்திலிருந்து மாற்றலாகிப் போன ஒரு விமானப்படைக்காரரிடம் பழைய கேமரா ஒன்றை அவர் வாங்கியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. எங்கள் இருவர் வீடும் புனேயின் கோர்படிப் பகுதியில் என்பதால் முதல் ஆறு மாதத்துப் படங்கள் அத்தனையையும் பார்க்கும் கடமை எனக்கு வாய்த்தது. சூரிய அஸ்தமனம், கோவில் கோபுரம், பனித்துளியோடு செம்பருத்தி. அவர் மனைவி ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொன்னார்: “இதெல்லாம் மளிகைக் கடை காலண்டர்லயே கீதே, இதுக்கு நீ எதுக்கு?” பிறகு கேமராவின் பேட்டரி செத்துப் போனது. அந்த மாதிரி பேட்டரி கடைகளில் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. ஆசை விட்டது என்று நினைத்தேன்.

அந்த இரண்டு மாதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பின்னால் அவர் சொன்னார். கேமரா நின்றாலும் கண் நிற்கவில்லையாம். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றி நிற்பவர்களில் யார் எந்தக் காலை ஊன்றுகிறார்கள், இஸ்திரிக்காரர் பெட்டியைத் துணியில் வைக்கும் முன் எப்படிக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறார், வடாபாவ் கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது மட்டும் எப்படி வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியத் தொடங்கியது. புதுப் பேட்டரி வந்தபின் எடுத்த படங்களில் கோபுரமும் இல்லை, செம்பருத்தியும் இல்லை. முதுகு, கை, நிழல், சுவர். “இதுல ஒண்ணுமே இல்லையே” என்று நான் சொன்னேன். “நல்லா பாருங்க சார், நிறைய கீது” என்றார். நான் நல்லாப் பார்க்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

தொழிற்சாலைக்குள் கேமரா கொண்டுபோவது குற்றம். எந்த விதி, எந்த உட்பிரிவு என்று அவருக்கு நானே ஒருமுறை தேவையில்லாமல் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெளிய ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் சார் எடுக்கறேன். உள்ள தினமும் எட்டு மணி நேரம் எடுக்காமலே எடுத்துகினு கீறேன்” என்றார். கண்ணுக்குத் தடை விதிக்கும் உட்பிரிவு எதுவும் இல்லை.

ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு, மரப்பிரிவில் பசை காய்ச்சும் மின்அடுப்பு தொடர்ந்து எரிந்து, பசை பொங்கி, பக்கத்தில் அடுக்கியிருந்த பலகைகள் தீப்பிடித்தன. காவலர்கள் அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. அடுப்பைக் கவனிக்கும் வேலை ஒரு மராத்தி அம்மாளுடையது. எல்லோரும் அவரை மௌஷி என்று கூப்பிடுவோம், சித்தி என்பதுபோல. பதினோரு வருடம் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர். நிரந்தரமாக்கும் பட்டியலில் பெயர் வந்து, உத்தரவு கிடைக்க இரண்டு மாதம் பாக்கி. கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதினால் பட்டியலிலிருந்து மட்டுமல்ல, வேலையிலிருந்தே போய்விடுவார்.

விசாரணைக் குழுவுக்கு நான் செயலாளர். இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அறிக்கையை நான் விசாரணைக்கு முன்பே எழுதி வைத்திருந்தேன். இது என் தனிப்பட்ட கெட்ட குணம் அல்ல, அலுவலக வழக்கம். அனுபவமுள்ள செயலாளர் முடிவை முதலில் தட்டச்சு செய்துவிடுவார். சாட்சிகளின் பெயர்களுக்கும் தேதிகளுக்கும் இடம் விட்டிருப்பார். விசாரணை என்பது அந்த இடங்களை நிரப்ப. ‘பணியாளரின் கவனக்குறைவே காரணம் எனக் குழு கருதுகிறது’ என்ற வரி, குழு கூடுவதற்கு மூன்று நாள் முன்பே என் மேசை இழுப்பறையில் கருதிக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை குழு கூடியது. வேலை முடிவது ஐந்து மணிக்கு. அடுப்பை நாலே முக்காலுக்கு அணைக்க வேண்டும் என்பது விதி. மரப்பிரிவில் சார்ஜ்மேனுக்குக் கீழே இருந்த மேற்பார்வையாளர், நாலரை மணிக்கு மௌஷி தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார், அதன்பின் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை என்றார். மௌஷி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, “மீ பந்த் கேலா, சாஹேப்” என்றார். நான் அணைத்தேன் ஐயா. வேறு எது கேட்டாலும் அதையேதான் சொன்னார். நான் அதை எழுதிக்கொண்டேன். மறுப்பு, சான்று இல்லை.

பிறகு சார்ஜ்மேன் வந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை மௌஷி சுவிட்சை அணைத்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.

குழுத் தலைவர் ஒரு மராத்தி அதிகாரி, கூர்மையானவர். “அந்த சுவிட்சை ஒரு நாளில் நாலைந்து முறை போட்டு அணைக்கிறார்கள். நீங்கள் பார்த்தது எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

“மணி பாக்கல சார்.”

என் பேனா நின்றது. சாட்சியம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் தொடர்ந்தார். ஹிந்தியும் கொஞ்சம் மராத்தியும் கலந்து தலைவரிடம் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மௌஷி சுவிட்சில் கை வைத்தபோது அந்தக் கையில் வெயில் இருந்தது. கண்ணாடி வளையல்கள் பச்சை. அவற்றின் பச்சை நிழல் சுவிட்ச் பலகையில் ஆடியது. கூரையில் ஒரு தகடு நகர்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அதன் வழியாக வெயில் அந்தப் பலகையில் ஒரு நாளைக்கு ஒரே முறை, சில நிமிடம்தான் விழும். எத்தனை மணிக்கு என்று தனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் தெரியும்.

மேற்பார்வையாளர் சிரித்தார். “இருபது வருஷமா அந்த ஹாலில் இருக்கேன். அங்கே வெயிலே வராது” என்றார். தலைவர், “நீங்கள் கேமரா வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உள்ளே படம் எடுத்தீர்களா?” என்று கேட்டார். சார்ஜ்மேன் பதறவில்லை. “கேட்ல டிபன் பாக்ஸையே தொறந்து குழம்பக் கலக்கிப் பாக்கறாங்க சார். கேமரா எங்க?” என்றார். பரிதாபத்தில் கதை கட்டுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரை எனக்குப் பிடிக்கும். அதனாலேயே வருத்தமாக இருந்தது.

இடத்தைப் பார்வையிடக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அந்த உட்பிரிவை யாரும் பயன்படுத்தி நான் கண்டதில்லை. தலைவர் பயன்படுத்தினார். அன்று மாலை நாலே காலுக்கு நாங்கள் மரப்பிரிவில் சுவிட்ச் பலகைக்கு முன்னால் போய் நின்றோம். தலைவர், மின்பிரிவுப் பொறியாளர், மேற்பார்வையாளர், சார்ஜ்மேன், மௌஷி, குறிப்பேட்டோடு நான். கரி பிடித்த ஒரு சுவரை ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தொழிலாளிகள் இழைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நாலரை. ஒன்றுமில்லை. நாலு முப்பத்தைந்து. மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்தார். மௌஷி சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சார்ஜ்மேனைப் பார்த்தேன். அவரும் சுவரைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெயில் இருந்தது. அது நகர்ந்துகொண்டிருந்தது. அவரோடு தேநீர் குடிக்க அந்தத் தூணைத் தாண்டித் தினமும் நடந்தவன் நான்.

நாலு நாற்பத்தொன்றுக்கு வெயில் தூணைவிட்டுச் சுவிட்ச் பலகையில் ஏறியது. பழைய கறுப்புப் பலகை பித்தளைபோல மின்னியது. மௌஷி தலைநிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, முன்னால் போய் சுவிட்சின்மேல் கை வைத்தார். பச்சை நிழல் ஆடியது. நாலு நாற்பத்தெட்டுக்கு வெயில் பலகையைக் கடந்து போய்விட்டது. தலைவர் என் பக்கம் திரும்பி, “எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

எழுதினேன். ‘4.41 மணிக்குச் சூரிய ஒளி சுவிட்ச் பலகையின் மேல் விழுந்தது, 4.48 வரை இருந்தது.’ முப்பத்தாறு வருட அரசாங்கப் பணியில் நான் எழுதிய வாக்கியங்களில் திரும்பப் படிக்கலாம் என்று தோன்றுவது இது ஒன்றுதான். மின்பிரிவுப் பொறியாளர் அந்த சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே அணைத்தாலும் உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. என் இழுப்பறையிலிருந்த அறிக்கையை அன்றே கிழித்தேன். மௌஷிக்கு மார்ச்சில் உத்தரவு வந்தது. அதன்பின் நான் எந்த விசாரணை அறிக்கையையும் முன்கூட்டி எழுதவில்லை. இதனால் என் வேலைகள் தாமதமாயின என்று ஆண்டு மதிப்பீட்டில் ஒரு குறிப்பு விழுந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எனக்கு வழி தெரியும், செய்யவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கூரைத் தகட்டை மாற்றக் கோரும் கோப்பு என் மேசையில்தான் ஏழு மாதமாக ஒப்புதலுக்குக் கிடந்தது. நான் என் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த வெயில் உள்ளே வந்திருக்காது. மழைக்கு முன் ஒப்புதல் தந்தேன், ஓட்டையை அடைத்துவிட்டார்கள். சார்ஜ்மேனிடம் ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். “பரவால்ல சார். வெயிலு தகட்டு மேல வந்துகினுதான் கீது” என்றார்.

புகைப்படம் எடுப்பது என்றால் பார்த்ததைச் சேமித்து வைப்பது என்றுதான் நான் நம்பியிருந்தேன். கோப்பில் போட்டு மூடினால் பிறகு நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதுபோல. என் கைபேசியில் இப்போதும் அப்படித்தான்: மின்கட்டண ரசீது, எரிவாயு ரசீது, ஓய்வூதியப் புத்தகத்தின் இரண்டு பக்கமும். அவருக்குப் படம் என்பது மிச்சம், பார்ப்பதுதான் வேலை. மரப்பிரிவில் அவர் கண்ட மிகச் சிறந்த காட்சியை அவர் படமாகவே எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் வேலையை அது காப்பாற்றியது.

அவர் எனக்கு இரண்டு வருடம் முன்னால் ஓய்வு பெற்றார். நான் ஓய்வு பெற்ற நாளில் ஒரு உறையை நீட்டினார். உள்ளே இந்தப் படம். ஒருநாள் மாலை, எனக்குத் தெரியாமல், சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுத்திருக்கிறார். பாதுகாப்பு எல்லைக்கு வெளியிலிருந்துதான். பிறகு போய் அடி வைத்து அளந்து உறுதிசெய்துகொண்டேன். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். “தேதி போடல சார்” என்றார். “தேடுவீங்கன்னு தெரியும்.”

இப்போது அவர் வேலூரில் மகளோடு இருக்கிறார். நான் இங்கேயே இருக்கிறேன். சென்ற டிசம்பரில், மாலை நடையை அந்தப் பேருந்து நிறுத்தம் வரை நீட்டிக்கொண்டேன். மனைவி, “அங்க என்னங்க இருக்கு? முப்பது வருஷம் நின்னது போதாதா?” என்று கேட்டாள். வேப்பமரம் இருக்கிறது என்றேன். அதே இடத்தில், அதே திசை பார்த்து நின்றேன். முதல் நாள் நிழல் என் காலடியைத்தான் தொட்டது. இரண்டாம் நாள் பேருந்து ஒன்று வந்து மறைத்துவிட்டது. மூன்றாம் நாள் எதிர்க் கடைத் தேநீர்க்காரர் பொறுக்கமுடியாமல், “கோணாச்சி வாட் பக்தாய், காகா?” என்றார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் பெரியவரே? வெயிலுக்காக என்று சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சர்க்கரை குறைவாகப் போட்டு ஒரு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நிழல் வந்தது. முதலில் வேட்டிக் கரையில் ஓர் இலை. பிறகு வயிற்றில் ஒரு கொத்து. பிறகு கிளை மெல்ல ஏறி மூன்றாவது பொத்தானைத் தொட்டது. காற்றடிக்கும்போது என்மேல் எல்லாம் சேர்ந்து அசைந்தது. கைபேசி பையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. நிழல் கழுத்துவரை ஏறி, கலைந்து, தெருவின் பொது இருட்டோடு சேரும்வரை நின்றேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வேலூருக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இலை, கொத்து, கிளை, பொத்தான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“கிளை பட்டனத் தொட்டப்போ மணி இன்னா சார் இருக்கும்?”

நான் வாயைத் திறந்தேன். கடிகாரம் கையில்தான் இருந்தது. அங்கே நின்ற நேரம் முழுக்கவும் கையில்தான் இருந்தது.

“மணி பாக்கல” என்றேன்.

சார்ஜ்மேன் சொன்னார்: “எழுதிக்குங்க சார்.”