வெள்ளைத் தட்டு மறையும் ஆழம்

சித்தேரி திறப்பு நாளில் ஆரோக்கியராஜ் சொன்ன சொல்லை இளவரசு ஒன்பது வருசமாக நெஞ்சில் வைத்திருக்கிறான். சொன்னவன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. சொல் மட்டும் போகவில்லை.

அன்றைக்கு ஊரே கைதட்டியது. ஆகாயத்தாமரை மூடிக் கிடந்து, தரையென்று நினைத்து மாடு கால்வைத்து முழுகிய ஏரி அது. பன்னிரண்டே நாளில் பொக்லைனை ஓட்டி வழித்து, கரையைச் சுவர் மாதிரி மழமழவென்று ஆக்கியவன் இளவரசு. ஊராட்சித் தலைவர் அவனுக்குத் துண்டு போர்த்தும்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஆரோக்கியராஜின் குரல் வந்தது.

“ஆகாயத்தாமரைய எடுத்த, சரி. கோரை, சம்பு, அடியில கெடந்த வேலம்பாசி, அது எல்லாத்தையும் எதுக்குடா வழிச்ச? ஏரியக் கொன்னுட்டுத் துண்டு போட்டுக்கிறியே மச்சான்!”

கைதட்டல் நின்றுபோனது. இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் இளவரசுக்கு வலித்தது.

இருவரும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்சு. அதோடு இளவரசு பள்ளிக்கூடத்தை விட்டான். ஆரோக்கியராஜ் பத்தாவது முடித்து, சிதம்பரத்தில் ஒரு காலேஜ் ஆய்வகத்தில் உதவியாளாகப் போனான். கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை. கழுவிக்கொண்டே காதைத் திறந்து வைத்திருந்தான் போல. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி ஏரிக்கு வருவான். கையில் ஒரு வெள்ளை எனாமல் தட்டு, சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. தட்டைத் தண்ணீரில் இறக்கி, எத்தனையாவது முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதென்று பார்ப்பான். அதிக முடிச்சு இறங்கியும் மறையாமல் இருந்தால் தண்ணீர் தெளிவு.

“அந்தத் தட்டுல நாலு இட்லி வச்சித் தின்னாலும் புண்ணியம்டா” என்று கரையில் போகிறவர்கள் கேலி பேசுவார்கள்.

“நீ சட்னி கொண்டாந்தா நான் தின்னுறேன்” என்பான்.

திறப்புக்கு அடுத்த கோடையில் ஏரி பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றினாற்போல ஆனது. ஒரு விடியலில் கெண்டையும் விராலும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேற்குத் தெருச் சாக்கடை முன்பெல்லாம் சம்புப் புதருக்குள் நுழைந்து, வடிந்து, பிறகுதான் ஏரிக்குள் சேரும். அந்தப் புதரை அழுக்கு என்று நினைத்து முதல் நாளே தோண்டி எறிந்தவன் இளவரசு. துணி துவைக்கப் போன அவன் பெண்சாதி சௌந்தரம் கையைச் சொறிந்துகொண்டே வந்தாள்.

“நீ வழிச்ச அழகுல தண்ணியில எறங்க முடியல. அரிக்குது.”

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. தான் கெடுத்த தண்ணீர் தான் இருக்கும்போதே தெளிய வேண்டும். ஆனால் ஆரோக்கியராஜிடம் போய் வழி கேட்க வாய் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திக்கொண்டு சும்மா நின்றான். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸிலிருந்து ஆரோக்கியராஜ் ஈரச் சாக்கு இரண்டோடு இறங்கினான். பின்னால் கண்டக்டர் கத்தினார். “யோவ், பஸ்ஸு பூரா சேறு! நாளைக்கி இத எடுத்தாந்தா ஒன்னையே எறக்கி விட்டுருவேன்!”

இளவரசு ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டான். “என்னா இது?”

“வீராணத்து வாய்க்கா ஓரத்துல வேலம்பாசியும் சம்பும். ஒன்கிட்டேருந்து தப்பிச்சதுங்க.”

மன்னிப்பு அவ்வளவுதான். இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். சாக்கடை வாயில் சம்புக் கிழங்கைப் புதைத்தார்கள். கரையோரம் கோரை. வேலம்பாசியைக் கல்லில் கட்டி உள்ளே போட்டார்கள். இளவரசு கயிறு பிடித்தாற்போல வரிசையாக ஊன்றினான்.

“நடவாடா நடுற? இஷ்டத்துக்குப் போடு. அதுக்குத் தெரியும் எங்க போவணும்னு.”

முதல் வருசம் நட்டதை ஆடு மேய்ந்தது. தட்டு ஒரு சாணில் மறைந்தது. மறு வருசம் இரண்டு முடிச்சு. ஐந்தாம் வருசம் ஒரு மார்கழிக் காலையில் ஆறு முடிச்சும் இறங்கி, தட்டு அடியில் உட்கார்ந்தது. அப்போதும் அதன் விளிம்பு தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு கரையில் குந்தியிருந்தார்கள். அந்தக் காலையை இளவரசு இப்போதும் வண்டி ஓட்டும்போது நினைத்துக்கொள்கிறான்.

அன்றைக்குத்தான் கேட்டான். “தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்பறம் என்னா?”

ஆனாலும் ஆறவில்லை. கூட்டத்தில் சொன்னது சொன்னதுதான்.

போன ஆடியில் ஆரோக்கியராஜுக்குக் கிட்னி போய்விட்டது. வைத்தியத்துக்காகக் கடலூர் செம்மண்டலத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தான். இளவரசு ஒரு பாட்டிலில் ஏரித் தண்ணீர் கொண்டுபோனான். ஆரோக்கியராஜின் மனைவி ஜெயராணி, “பழம் வாங்கியாருவாங்க, நீங்க தண்ணி கொண்டாறீங்களே அண்ணே” என்றாள். ஆரோக்கியராஜ் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு இளவரசின் கையைப் பிடித்தான்.

“ஆவணி பொறக்கப் போவுது. டிராக்டர்ல பெயிண்ட் அடிச்ச பிள்ளையாரக் கொண்டாந்து எறக்குவாங்க. அந்த எடத்துலதான் பாசி நல்லா புடிச்சிருக்கு. நான் சொன்னா மாதா கோயில் தெருக்காரன் சொல்றான்னு வேற மாதிரி ஆயிடும். நீ சொல்லு மச்சான். களிமண்ணுல செஞ்சி, பெயிண்ட் இல்லாம, நல்லா கரைக்கட்டும். மண்ண நம்ம ஏரியிலயே, தெக்குப் பக்கம் செடியில்லாத எடமாப் பாத்து, நீயே வெட்டிக் குடு.”

அவன் போய்ச் சேர்ந்தபின் இளவரசு அதை ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, மண்வெட்டியோடு ஏரியின் தெற்குப் பக்கம் இறங்கினான்.