கறுப்பு பெயின்ட்டும் என் கையெழுத்தும்

உப்பு லாரி கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். அதை அடுத்தவர் தலையில் கட்டப் போவதில்லை.

அதற்கு முன் முப்பது வருஷம் மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றி ஓட்டியவன் நான். முட்டி தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும் இந்த வேலையைக் கொடுத்தார்கள். மேனேஜர் ஒரு ரிஜிஸ்டரை நீட்டினார். 'பிரேக் பரிசோதனைப் பயிற்சி முடித்தேன்' என்று பதினெட்டு டிரைவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பயிற்சி அளித்தவர் என்ற இடம் மட்டும் காலி.

"எப்ப சார் கிளாஸ் நடந்துச்சு?"

"நடந்த மாதிரிதாங்க. உங்களுக்குத் தெரியாததா? போடுங்க, ஆடிட்டுக்கு அனுப்பணும்."

போட்டேன்.

ஈர உப்பை மூட்டை கட்டி ஏற்றுவார்கள். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டி சேஸிஸ், பிரேக் பைப் எல்லாவற்றையும் அரிக்கும். நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், அரித்த பைப்பை மாற்ற வேண்டும். எங்கள் முதலாளிகளின் வழக்கம் வேறு. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள் துரு மேலேயே கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார்கள். குனிந்து பார்க்கிறவருக்குப் புது வண்டி மாதிரி பளபளக்கும். தட்டிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது.

நான்கு மாதம் கழித்து கூனிமேட்டுக்கு அருகில் எங்கள் டிரைவர் ஆரோக்கியராஜின் லாரி விபத்தில் சிக்கியது. டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன், லாரிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முன்னால் போன பஸ் நின்றதும் பிரேக்கை அழுத்தியிருக்கிறான். அழுத்தின வேகத்தில் பைப் வெடித்துவிட்டது. பஸ்ஸில் மோதாமல் ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் விட்டான். பஸ்ஸில் யாருக்கும் கீறல் இல்லை. இவனுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

"டிரெயினிங் எடுத்த டிரைவருங்க. வண்டியைப் பார்க்காம எடுத்துட்டான். அவன் தப்புதான்."

ஆதாரம் என் கையெழுத்து. கால் போனவன் மேலேயே கேஸ் போட நானல்லவா வழி செய்து கொடுத்திருக்கிறேன்!

நேராக ஷெட்டுக்குப் போய், நின்றிருந்த லாரிகளின் அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன். மூன்று வண்டிகளில் பெயின்ட்டோடு பைப்பும் செதில் செதிலாக உதிர்ந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு போய், கிளாஸ் நடக்கவே இல்லை, நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்தேன்.

மேனேஜர் போனில் கத்தினார். "ஏம்பா, நீயும் சேர்ந்து மாட்டுவ, தெரியுதா?"

"தெரியுது சார். மாட்டுறேன்."

வேலை போனது. கேஸ் ஆரோக்கியராஜை விட்டு கம்பெனி பக்கம் திரும்பியது. அதைச் சொல்ல, கொஞ்சம் பெருமையோடுதான், ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"தட்டிப் பார்க்க எவ்ளோ நேரம் ஆச்சுண்ணே?"

"ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம்."

அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மேற்பார்வை வேலைக்கு வரும் தம்பிகளே, சட்டை அழுக்காகாமல் எந்த ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பதினெட்டுப் பேருக்கும் பைப்பைத் தட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க அரை நாள் போதும். அந்த அரை நாளை நான் கேட்கவே இல்லை.