நோகாமி சிசுருவின் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று கிலோமீட்டர்

யோனாகோவில் இருக்கும் ஹிரோசே ஊறுகாய்க் கம்பெனியின் விளம்பரப் பிரிவில் நோகாமி சிசுருவுக்கு ஒரு மேசை உண்டு. அதில் அவள் உட்கார்ந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. நீந்துவது, சைக்கிள் மிதிப்பது, ஓடுவது, இந்த மூன்றுதான் அவளுடைய உத்தியோகம். மூன்றையும் ஒரே நாளில் மூச்சு விடாமல் செய்ய வேண்டும். நெஞ்சில் கம்பெனியின் சின்ன வெங்காய முத்திரை தெரிய வேண்டும். பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம் என்ற குறுந்தூரப் போட்டிதான் அவளுக்குப் பழக்கம். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் முப்பத்து நாலு வயதில் அவள் கடலைவிட்டு ஏறும்போது, இருபது வயதுப் பெண்கள் நாற்பது விநாடிக்கு முன்பே சைக்கிளில் ஏறிப் போயிருந்தார்கள். குறுந்தூரத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கலாம். முன்னே போகும் கூட்டத்தைத் தவறவிட்டால் காற்று முழுவதும் நமக்குத்தான். போன வருடம் பதினாலு போட்டியில் எட்டில், முதலில் போகிறவர்கள் திரும்பி எதிரே வரும்போது மட்டுமே அவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

அவளுடைய பயிற்சியாளர் இவாஷிதா துறைமுகத்துப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். சக்கரக் கம்பியை முறுக்கிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “சிசுரு, உனக்கு வேகம் குறைஞ்சிருக்கு. பிடிவாதம் ஏறியிருக்கு. பிடிவாதத்துக்கு ஏத்த தூரம் இருநூத்தி இருபத்தாறுதான்.”

நெடுந்தூரப் போட்டியைச் சொன்னார். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான். யாரும் யார் பின்னாலும் ஒண்டக் கூடாது. ஒன்பது மணி நேரம் தன்னந்தனியாக இருக்கத் தெரிந்தவள் ஜெயிப்பாள். நாற்பது வயது வரைக்கும் தாங்கும். ஆனால் வருடத்துக்கு மூன்றுக்குமேல் உடம்பு ஒப்புக்கொள்ளாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் உடம்பை ஏற்ற வேண்டும், கடைசி இரண்டு வாரம் தளர்த்த வேண்டும், முடிந்தபின் ஒரு மாதம் சும்மா இருக்க வேண்டும். பெரிய போட்டியை முதலில் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நாளை எண்ண வேண்டும் என்றார்.

கம்பெனியில் வேறு வழக்கம். கிளை அலுவலகங்கள் எல்லாம், ஊறுகாய் வாங்கும் சூப்பர் மார்க்கெட் இருக்கிற ஊர்ப் போட்டிகளைக் குறித்து அனுப்பும். அவை போக மிஞ்சும் நாட்களுக்குப் ‘பயிற்சி’ என்று பெயர்.

ஜனவரிக் கூட்டத்தில் சிசுரு தன் திட்டத்தை வைத்தாள். பிரிவுத் தலைவர் த்சுனோதா நல்ல மனிதர், முழங்காலுக்குமேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அவருடைய அட்டவணையில் ‘ஆண்டு மொத்த தூரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கணிப்பானைத் தட்டினார்.

“நோகாமி-சான், குறுந்தூரம் பதினாலுன்னா எழுநூத்தி இருபத்தோரு கிலோமீட்டர் வருது. நெடுந்தூரம் மூணுன்னா அறுநூத்தி எழுபத்தெட்டுதான். போன வருஷத்தைவிடக் குறையுதே, மேல என்னன்னு சொல்றது?”

போட்டிகளை நேரில் போய்ப் பார்க்கும் எழுபது வயது முதலாளியின் கவலை வேறு. “ஒம்போது மணி நேரமா? நடுவுல நான் எப்ப சாப்பிடறது?”

காற்று, வயது, தசை எல்லாம் சொல்லலாம் என்று சிசுரு வாயெடுத்தாள். பிறகு அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். “கூட ஒரு அரைத்தூரப் போட்டி, நூத்திப் பதிமூணு கிலோமீட்டர், சேத்துக்கறேன் சார். எழுநூத்தித் தொண்ணூத்தொண்ணு ஆயிடும்.”

த்சுனோதாவின் முகம் மலர்ந்தது. எழுபது கிலோமீட்டர் வளர்ச்சி. முதலாளியும், சைக்கிள் பகுதி ஐந்து மணி நேரம் ஆகும், அதற்குள் சாப்பிட்டு வரலாம் என்று கேட்டதும் சமாதானமானார். திட்டத்தில் பன்னிரண்டு அதிகாரிகளின் ஒப்புதல் முத்திரைகள் விழ ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் பாதிப் பயிற்சியை அவள் அனுமதி இல்லாமலே முடித்திருந்தாள்.

ஜூனில் ஒரு தீவில் முதல் நெடுந்தூரம். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் ஒசாகா கிளை ஒரு குறுந்தூரத்தைக் கொண்டுவந்தது. நடத்துவது அவர்களுடைய பெரிய வாடிக்கையாளரான சூப்பர் மார்க்கெட். ஓட வேண்டும் என்றுகூட இல்லை, கலந்துகொண்டால் போதும் என்றார் த்சுனோதா. கலந்துகொண்டு ஓடாமல் இருப்பது எப்படி என்று இவாஷிதா நெடுநேரம் யோசித்தார். கடைசியில், நாடித்துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

தாண்டவில்லை. இருபத்திரண்டு பேரில் பத்தொன்பதாவதாக வந்தாள். வெட்கத்தில் அவளுக்குக் காது எரிந்தது. மறுநாள் காலை த்சுனோதா கூப்பிட்டார்.

“அருமை நோகாமி-சான். முன்னால போனவங்க கும்பலா போனதுல ஒருத்தர் சட்டையும் டிவில படிக்க முடியல. நீங்க தனியா, மெதுவா வந்தீங்க பாருங்க, நம்ம வெங்காயம் நாலு நிமிஷம் தெரிஞ்சுது. பத்தொம்பதாம் இடத்தை அடுத்த வருஷத் திட்டத்துலயே சேத்துடலாம்.”

தீவுப் போட்டிக்கு முதலாளி மடக்கு நாற்காலியோடு வந்தார். சிசுரு கடலைவிட்டு ஒன்பதாவதாக ஏறினாள். நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் எதிர்காற்று சுழற்றி அடித்தபோது முன்னே போனவர்கள் ஒவ்வொருவராகத் தளர்ந்தார்கள். அவள் தளரவில்லை. இறங்கி ஓடும்போது நாலாவது இடம், முப்பதாவது கிலோமீட்டரில் இரண்டாவது. தொடை கல்லாக இறுகியது. முப்பத்தைந்தாவதில் சாலையோரம் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

“இன்னும் எவ்வளவும்மா?”

“ஏழு.”

தோல் செருப்போடு பத்தடி கூடவே ஓடி வந்தார். பிறகு இருமிக்கொண்டு நின்றுவிட்டார். ஒன்பது மணி எட்டு நிமிடத்தில் இரண்டாவதாக வந்தாள். அக்டோபரில் வெளிநாட்டில் நடக்கும் உலகப் போட்டிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. முடிவுக் கோட்டருகே மல்லாந்து படுத்தபடி ரொம்ப நேரம் சிரித்தாள். இவாஷிதா கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் கம்பெனியில் ஆண்டு முடிவுப் பரிசுப் பெட்டிகளுக்கு விளம்பரப் படம் பிடிக்கும் வாரம், சிசுருவும் அதில் நிற்க வேண்டும். உலகப் போட்டி திட்டத்தில் இல்லை. திட்டத்தைத் திருத்த மறுபடி பன்னிரண்டு முத்திரை வேண்டும், அது டிசம்பரில் முடியும். த்சுனோதா உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, எடுக்காத விடுமுறை நாற்பது நாள் அவள் கணக்கில் கிடக்கிறதே என்றார். சிசுரு படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதினாள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரே முத்திரையில் கையில் வந்தது. விடுமுறையில் கம்பெனிச் சின்னம் அணிந்தால் வேலை பார்த்ததாக ஆகிவிடும் என்று பணியாளர் பிரிவு எச்சரித்தது.

அதனால் வெறும் நீலச் சட்டையில் ஓடினாள். உலகத்தில் பதினாலாவதாக வந்தாள்.

திங்கட்கிழமை, போன ஊரில் வாங்கிய பருப்பு மிட்டாய்ப் பெட்டியோடு அலுவலகம் போனாள். மேசை மேசையாக ஒன்று வைத்து, ஒரு வாரம் இல்லாமல் போனதற்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். த்சுனோதா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

“நல்லா ஓய்வு எடுத்தீங்களா?”

“எடுத்தேன் சார்,” என்றாள் சிசுரு. மாடிப்படி இறங்க அவளுக்குக் கைப்பிடிச் சுவர் தேவைப்பட்டது.